ரோச் ரைட்டரின் அலமாரி

பவுல் ரோச் என்று முழுப் பெயர் சொன்னால் தூத்துக்குடியில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. ரோச் ரைட்டர் என்றால்தான் தெரியும். அவர் எங்கள் ஆபீசில் ரைட்டர், அதாவது குமாஸ்தா; நான் டைப்பிஸ்ட். என் பெயர் காசிலிங்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நாற்பத்தொன்பதில் அவர் கண்ணை மூடும் வரைக்கும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறோம். அதில் பாதிச் சண்டை ஒரு அலமாரியைப் பற்றியது. இப்போது அந்தச் சண்டை போட ஆள் இல்லாமல் வாய் நமநமவென்று இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வக்கீல் சங்கரபாண்டியனின் ஆபீஸ் அது. கிரேட் காட்டன் ரோட்டிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தோணித்துறை தெரியும். கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, பஞ்சுப் பேலும் பனந்தும்புக் கட்டும் ஏற்றிக்கொண்டு தோணிகள் போகும். அழகுதான். ஆனால் அந்த உப்புக் காற்று என் டைப் மெஷினைத் தின்றது. வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் போடாவிட்டால் பாதி எழுத்து எழுந்திருக்காது.

வக்கீலுக்கு உப்பள வழக்கும் தோணி வழக்கும்தான் பிழைப்பு. நடுவே எப்படியோ பேடண்ட் வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. புதிதாக ஒரு கருவியைக் கண்டுபிடித்தவர், அதை வேறு யாரும் செய்து விற்கக் கூடாது என்று சர்க்காரிடம் வாங்கிக்கொள்ளும் உரிமைதான் பேடண்ட். அதைக் கொடுக்கும் ஆபீஸ் கல்கத்தாவில் இருந்தது. பஞ்சு மில் ஃபிட்டர், தீப்பெட்டிக்காரர், உப்பள மேஸ்திரி என்று மாதம் ஒருவராவது சுருட்டிய காகிதத்தோடு மாடியேறி வருவார்கள். நான் சேர்ந்தபோது முப்பதுக்கு மேற்பட்ட கட்டுகள் இருந்தன.

அந்தக் காகிதங்களை இனம் பிரித்து வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு உண்டு, இனம் மாறினால் கெடு மாறும், கெடு தப்பினால் எல்லாம் போகும். நான் படித்த திமிரில் ஆங்கிலத்தில் அழகாக அட்டைகள் அடித்துக் கொடுத்தேன். புரொவிஷனல், கம்ப்ளீட், அக்செப்டட், சீல்டு, அபாண்டண்ட். ரோச் அவற்றை வாங்கிப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்கு தம்பி" என்று சொல்லி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். மறுநாள் அலமாரியின் ஐந்து தட்டுகளிலும் அவர் கையெழுத்தில் வேறு அட்டைகள் தொங்கின. மேலிருந்து கீழாக: கரு, பிள்ளை, ஓலை, தாலி, கல்லறை.

வக்கீல் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன வே இது? வக்கீல் ஆபீசா, மாதா கோயில் ஆபீசா?"

"லேபிள் யாருக்கு ஐயா? எடுக்கவனுக்குத்தானே. எடுக்கவன் நானு" என்றார் ரோச்.

கேட்டால் விளக்கமும் வைத்திருந்தார். 'இப்படி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்' என்று முதலில் சுருக்கமாக எழுதி அனுப்புவது கரு. படம் போட்டு, பாகம் பாகமாக விளக்கி, எது எது என் உரிமை என்று முழுதாக எழுதி அனுப்புவது பிள்ளை. கல்கத்தாக்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டு, ஆட்சேபம் உள்ளவர்கள் வரலாம் என்று கெஜட்டில் போடுவார்கள். அது ஓலை. அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்களாம், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று. ஆட்சேபம் இல்லாமல் முத்திரை விழுந்துவிட்டால் தாலி. கெடு தப்பிப்போனதெல்லாம் கல்லறை. இது போக, மூடியில்லாத தகரப் பெட்டி ஒன்றில் 'சட்டை' என்று எழுதி வைத்திருந்தார். ஒரு பொருளின் வெளித்தோற்றத்துக்கு மட்டும் வாங்கும் டிசைன் பதிவுகள் அதில் கிடந்தன. உள்ளே என்ன ஓடுகிறது என்பதைப் பற்றி அவற்றில் ஒரு வரி இருக்காது.

ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு காகிதம்கூட அவர் கையில் இனம் மாறிப் போனதில்லை. சின்ன வயதில் முத்துக்குளிப்பு முகாமில் தோணிக் கணக்கு எழுதியவர். இருபத்தெட்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோனது, சிப்பி வரவில்லை. அதன் பிறகுதான் வக்கீலிடம் வந்தார். முத்துக்குளிப்புக்கும் முன்னால் சங்குக் கிடங்கில் இருந்திருக்கிறார். மரச் சட்டத்தின் ஓட்டையில் நுழைந்து விழுகிற சிறு சங்கையெல்லாம் திரும்பக் கடலில் கொண்டு போடச் சொல்லி மேலதிகாரி உத்தரவு. "பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும் தம்பி. அளந்து பாத்தாத்தான் எது எந்த இனம்னு தெரியும்" என்பார். இதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. முதல் பத்து முறை எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு பழகிவிட்டது.

நாற்பதாம் வருடம் பிறந்தவுடன் இசக்கித்தாய் வந்தாள். சாயர்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பனங்காட்டு ஊர். முப்பத்தைந்து வயதிருக்கும். பனை மட்டையைத் தட்டி, இரும்புச் சீப்பில் இழுத்துத் தும்பு எடுக்கும் வேலை. அவள் உள்ளங்கைகளை மேசைமேல் விரித்துக் காட்டினாள். குறுக்கும் நெடுக்குமாகச் சீப்புப் பல் கிழித்த தழும்புகள். அதைப் பொறுக்க மாட்டாமல் அவளே ஒரு யந்திரம் செய்திருந்தாள். காலால் மிதித்தால் ஒரு உருளை மட்டையை நசுக்கும், பல் வைத்த இன்னொரு உருளை தும்பை வாரி எடுக்கும். கை கிட்டேயே போக வேண்டாம்.

"நல்ல சமாச்சாரம்தானே. இங்கன எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார் வக்கீல்.

"தும்புக் கிட்டங்கி மேனேஜர் வந்து பாத்தாரு ஐயா. நல்லாருக்குன்னு சொன்னாரு. மறுநாளு ஆசாரியைக் கூட்டியாந்து நூல் புடிச்சு அளந்துட்டுப் போறாரு. பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் சொன்னாரு, முந்திப் பதிஞ்சவங்களுக்குத்தான் அது சொந்தம்னு. எனக்கு முந்தி அவரு பதிஞ்சிட்டா, நான் செஞ்சதை நானே மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிருவாங்களாமே. நெசமா?"

நிஜம்தான். யார் தேதி முந்தியதோ அவர்களுக்கே உரிமை. அன்று மாலைக்குள் அவள் சொல்லச் சொல்ல ரோச் எழுதி, வக்கீல் திருத்தி, நான் டைப் அடித்து, பெருவிரல் ரேகை வாங்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பினோம். ஜனவரி பத்தாம் தேதி என்று அங்கே பதிந்ததாக ரசீது வந்தது. அந்தத் தேதிதான் அவளுக்கு எல்லாம். மே மாதம் அந்தத் தும்புக் கிடங்கு மேனேஜரும் வேறு வக்கீல் மூலம் மனுப்போட்டார் என்று காதில் விழுந்தபோது நாங்கள் யாரும் பதறவில்லை. ஜனவரி எங்கே, மே எங்கே.

ஆனால் அந்தத் தேதி நிலைக்க வேண்டுமென்றால் ஒன்பது மாதத்துக்குள் முழு விவரமும் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் முதல் மனு இல்லாததற்குச் சமம். இதை ரசீது வாங்க வந்த அவளிடம் ரோச் தன் பாணியில் விளக்கினார். நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"தங்கச்சி, இது வயித்துப் பிள்ளை மாதிரி. இப்போ போயிருக்கது கரு. உண்டாயிருக்குன்னு சர்க்காருக்குச் சொல்லியாச்சு, அவ்வளவுதான். இனி கை காலு மூக்கு முழியோட முழுப் பிள்ளையாக் குடுக்கணும். அதுக்குள்ள பல்லு எத்தனை, உருளை எத்தனைன்னு எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வாங்க. மாசம் தப்பிரப்படாது."

"தப்பினா?"

"கலைஞ்சு போவும்."

அவள் சிரித்தாள். "மூணு பெத்தவ அண்ணாச்சி நான். எனக்கு மாசக் கணக்குத் தெரியாதா?"

ஒன்பது மாதம் என்று நான் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்த கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அதைப் படிக்க அவள் ஊரில் ஆள் இருந்தது. ஆனால் ரோச் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு அதைப் படிப்பானேன்?

செப்டம்பர் கடைசியில் ரோச் அவளுக்கு ஒரு கார்டு போட்டார். "தங்கச்சிக்கு, ஒன்பதாம் மாதம் நடக்கிறது. நாள் நெருங்குகிறது. வந்து சேரவும்." தேதி எழுதுங்கள் என்று நான் சொன்னேன். "அதுதான் மாசமே எழுதியிருக்கேனே" என்றார். அவள் வரவில்லை. அக்டோபர் மூன்றாம் தேதி இன்னொரு கார்டு போட்டார். ஆள் ஊரில் இல்லை என்று எட்டாம் தேதி அது திரும்பி வந்தது. ஒன்பதாம் தேதி அவரே பஸ் பிடித்துப் போனார். வீடு பூட்டியிருந்தது. யந்திரத்துக்குப் பல் அடிக்கக் கொல்லனைத் தேடிப் போயிருக்கிறாள், ஏரலோ ஆழ்வார்திருநகரியோ தெரியவில்லை என்றார்களாம் பக்கத்து வீட்டில். அக்டோபர் பத்து வந்தது, போனது.

கெடு தப்பினால் கட்டைக் கல்லறைக்கு இறக்க வேண்டும். அது அவரே போட்ட சட்டம். ஆனால் அவர் அதைத் தொடவில்லை. நான்கு நாள் பார்த்தேன், கட்டு கருத் தட்டிலேயே இருந்தது. எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் என்று சொன்னால் அது பொய்யில்லை. இத்தனை நாள் என் அட்டைகளைப் பூட்டி வைத்தவர் அல்லவா? அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து நானே அதை எடுத்து, கறுப்பு நூல் கட்டி, 'அபாண்டண்ட்' என்ற என் அட்டையையும் செருகிக் கடைசித் தட்டில் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நான் செய்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அக்டோபர் இருபத்துநாலாம் தேதி காலை பத்து மணிக்கு இசக்கித்தாய் மாடியேறி வந்தாள். தலையில் சாக்குச் சுற்றிய ஒரு பாரம். இறக்கி அவிழ்த்தாள். யந்திரத்தின் சிறு உருவம், புதுப் பல் வைத்து, எண்ணெய் போட்டு, பளபளவென்று இருந்தது. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"வந்துட்டேன் அண்ணாச்சி. இன்னும் பதினஞ்சு நாளைக்கு மேல கெடக்குல்லா? சாவகாசமா எழுதலாம்."

ரோச் எழுந்து நின்றுவிட்டார். "என்ன தங்கச்சி சொல்லுதீக? எதுக்குப் பதினஞ்சு நாளு?"

"பத்து மாசத்துக்குத்தான்."

அவள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒம்பதாம் மாசம் நடக்குன்னு நீங்கதானே கார்டு போட்டீக? ஒம்பது முடிஞ்சு, பத்து நிறைஞ்சுதானே எந்தப் பிள்ளையும் பொறக்கும்? எந்த ஊர்ல ஒம்பதுல பெத்திருக்காக?"

வக்கீல் நாற்காலியில் சாய்ந்தார். விஷயத்தை அவர்தான் அவளுக்குச் சொன்னார். தேதி போய்விட்டது, இனிப் புதிதாகப் போட்டால் மேனேஜருடைய மே மாதம் முந்திக்கொள்ளும் என்றார். அவள் கத்தவில்லை. யந்திரத்தை மறுபடி சாக்கில் சுற்றப் பார்த்தாள், முடிச்சைப் பாதியில் விட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உம்ம அலமாரியைக் கொண்டுபோய்க் கடல்ல போடும் வே. ஒம்பது மாசம்னு நாலு எழுத்து தமிழ்ல எழுத உமக்குக் கை வலிச்சுதோ? இந்தப் பொம்பளைக்கு நீர் என்ன பதில் சொல்லப் போறீர்?" என்று வக்கீல் கேட்டார். அதற்கு முன்னாலும் பின்னாலும் ரோச்சை அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

ரோச் படியிறங்கிப் போனார். வீட்டுக்குப் போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். போய்த்தான் இருந்தார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, லேஞ்சியால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பேடண்ட் சட்டப் புத்தகத்தை என் மேசையில் வைத்தார்.

"தம்பி, இதை எனக்கு ஒண்ணு விடாம வாசிச்சுச் சொல்லு. சின்ன எழுத்துல இருக்கதையும் சேத்து."

"எதுக்கு? எல்லாம்தான் முடிஞ்சுபோச்சே."

அப்போதுதான் சொன்னார். வீட்டில் அவர் மனைவி இசபெல்லா அக்காள் குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தாளாம். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை சரியாத்தானே சொல்லியிருக்கு. ஊரே பத்துன்னுதான் எண்ணும். நீங்கதான் ஒம்பதோட நிறுத்திட்டீக" என்றிருக்கிறாள். சொல்லிவிட்டு அவளும் அழுதிருக்கிறாள், இவரும் அழுதிருக்கிறார். பல வருடத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு ஆண் பிள்ளை ஒன்பதாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு உண்டாகவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு வருடம் சண்டை போட்ட எனக்கு இது தெரியாது. அந்த மேல் தட்டு அட்டையைத்தான் நான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

"எங்க கணக்கு ஒம்பதுல நின்னுபோச்சு தம்பி. சர்க்காரு சட்டமும் ஒம்பதுன்னு சொன்னதும் எனக்கு வேற யோசனையே வரல. ஆனா சட்டம் எழுதினவனுக்கும் ஒரு வீட்ல பொம்பளை இருந்திருப்பாள்லா? வாசி."

வாசித்தேன். என் ஆயுளில் எதையும் அவ்வளவு கவனமாக வாசித்ததில்லை. முழு விவரம் தாக்கல் செய்வதைப் பற்றிய பிரிவு வந்தது. ஒன்பது மாதம் என்று இருந்தது. முற்றுப்புள்ளி இல்லை. கீழே ஒரு 'ஆனால்' இருந்தது. மனுதாரர் கேட்டுக்கொண்டு, உரிய கட்டணமும் கட்டினால், ஒரு மாதத்துக்கு மிகாமல் கெடுவை நீட்டித் தரலாம்.

மறுபடி வாசித்தேன். தமிழில் சொன்னேன். ரோச் சிலுவை போட்டுக்கொண்டார். தரையில் இருந்த இசக்கித்தாய், "என்ன அண்ணாச்சி, பத்து இருக்கா?" என்றாள்.

"இருக்கு தாயி. கேட்டாக் குடுப்பானாம்."

எங்கள் கட்டு ஒன்றுகூட இதுவரை பிந்தியதில்லை, அதனால் அந்த 'ஆனால்' பக்கம் வக்கீலே போனதில்லை. அவர் புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "ஒன்பது கழிஞ்ச பிறகும் கேக்கலாமான்னு இதுல தெளிவா இல்லை வே."

"கேக்கக் கூடாதுன்னும் இல்லையே ஐயா."

கேட்டோம். பிறகு நடந்த ஒன்பது நாளைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இசக்கித்தாய் யந்திரத்தைக் கழற்றிக் காட்ட, ரோச் அளந்து எழுத, மில்லிலிருந்து வந்த படக்காரர் மைக்கோட்டில் வரைய, நான் அடித்துக்கொண்டே இருந்தேன். அந்த வருடம் தீபாவளியன்று எண்ணெய்த் தலையோடு வந்து மூன்று பக்கம் அடித்தேன். என் வீட்டில் அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள். நவம்பர் இரண்டாம் தேதி எல்லாம் முடிந்தது. அன்று அவர்களுக்குக் கல்லறைத் திருநாள். ரோச் விடியலிலேயே அக்காளோடு போய் அந்தச் சின்னக் குழிமேல் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, நேரே ஆபீசுக்கு வந்தார். கடைசித் தட்டிலிருந்து இசக்கித்தாயின் கட்டை எடுத்தார். கறுப்பு நூலை நானே அவிழ்த்தேன். என் அட்டையைக் கிழித்து ஜன்னல் வழியே போட்டேன்.

"குப்பையை ரோட்ல போடாத" என்றார் ரோச். பேச்சு வார்த்தை அப்போதுதான் பழையபடி ஆனது.

கல்கத்தாவிலிருந்து பதில் வரும்வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தோணித்துறையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார், ஏதோ பதில் கப்பலில் வருகிற மாதிரி. வந்தது தபாலில்தான். கெடு நீட்டிக்கப்பட்டது, முழு விவரம் நவம்பர் ஏழாம் தேதி சேர்ந்தது என்று இரண்டு வரி. கட்டு பிள்ளைத் தட்டுக்குப் போயிற்று. மறு வருடம் ஓலைக்குப் போயிற்று. மேனேஜரின் வக்கீல் ஆட்சேபம் கிளப்பிப் பார்த்தார், ஜனவரிக்கு முன்னால் மே நிற்கவில்லை.

நாற்பத்தொன்று கடைசியில் முத்திரை விழுந்து, அச்சடித்த பிரதி வந்தது. தகவல் சொல்லி அனுப்பியதும் இசக்கித்தாய் வந்தாள், கருப்பட்டி ஒரு ஓலைப்பெட்டி நிறைய. ரோச் தாளை மேசையில் விரித்து, அவள் சுட்டுவிரலைப் பிடித்து அவள் பெயர்மேல் வைத்தார். அவள் பெயரை வெகு நேரம் பார்த்தாள். பிறகு கீழே இருந்த எண்களைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள்.

"இது கரு உண்டான நாளு, ஜனவரி பத்து. இது பிள்ளை வந்த நாளு, நவம்பர் ஏழு."

அவள் விரல் கணுக்களில் பெருவிரலை வைத்து எண்ணினாள். முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பத்து நிறைய மூணு நாளு. நான் சரியாத்தான் வந்திருக்கேன் அண்ணாச்சி. நீங்கதான் பயந்துட்டீக."

"ஆமா தாயி. நீ சரியாத்தான் வந்தே" என்றார் ரோச்.

அவள் போன பிறகு ஒரு புது அட்டை எடுத்து, 'கரு' என்றிருந்ததை மாற்றி எழுதினார். 'கரு - ஒன்பது மாதம். கேட்டால் பத்து.' எழுதி முடித்து, அதைத் தொங்கவிட வேண்டியவர், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கண்ணில் உப்புக் காற்று பட்டுவிட்டது என்றார். ஜன்னல் சாத்தியிருந்தது. நான் நாற்காலியைப் போட்டு ஏறி, அந்த அட்டையை வாங்கி, மேல் தட்டில் மாட்டினேன்.